இன்ஜின் பே கிளீனிங்குக்கு மெக்வையர்ஸ் டி108, டி170: ரொம்ப நாளா யூஸ் பண்றவன் எழுதுற ரிவ்யூ

டிகிரீசர், அதாவது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்குற கெமிக்கல் வாங்கப் போறவங்க பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்குறாங்க, அடிச்ச உடனே பிசுக்கு கருப்பா வழிஞ்சு ஓடுதா இல்லையான்னு. என்னைக் கேட்டா அது ரெண்டாவதா பாக்க வேண்டிய விஷயம். பானட்டுக்குக் கீழ அலுமினியம் இருக்கு, ரப்பர் ஓஸ் இருக்கு, பெல்ட் இருக்கு, பெயின்ட் அடிச்ச ஓரங்க இருக்கு, ஒயர் மேல சுத்தின டேப் இருக்கு, என்ன ஆயில் என்ன கூலன்ட் ஊத்தணும்னு அச்சடிச்ச ஸ்டிக்கர் இருக்கு, இது அத்தனையும் இருந்தபடியே இருக்கணும், பிசுக்கு மட்டும் போகணும். அதனால எதை எடுக்குதுங்கறதை விட எதை விட்டு வைக்குதுன்னு பாத்துதான் நான் மார்க் போடுவேன். அந்தக் கணக்குல தேறி என் ஷெல்ஃப்ல நிரந்தரமா இடம் பிடிச்சது ரெண்டு, மெக்வையர்ஸ் சூப்பர் டிகிரீசர் டி108, அப்புறம் அதே கம்பெனியோட ஹைப்பர் டிரெஸ்ஸிங் டி170, இது கழுவின பிறகு பிளாஸ்டிக், ரப்பர் மேல கருப்பு நிறம் எடுத்துக் காட்டத் தடவுறது.

முதல்ல டி108. இது கான்சன்ட்ரேட், தண்ணி கலந்துதான் யூஸ் பண்ணணும். கம்பெனி சொல்ற விகிதம் 4:1ல இருந்து 10:1 வரைக்கும், அதாவது 4 பங்கு தண்ணிக்கு 1 பங்கு டிகிரீசர், இல்லன்னா 10 பங்குக்கு 1. அரை லிட்டர் ஸ்ப்ரே பாட்டில்னா 10:1க்கு சுமார் 45 மில்லி போதும், 4:1க்கு 100 மில்லி. பாட்டில்ல முதல்ல தண்ணி ஊத்திட்டு அப்புறம் இதை ஊத்துங்க, மாத்திப் பண்ணா கழுத்து வரைக்கும் நுரை ஏறிக்கும். நான் முக்கால்வாசி இடத்துக்கு 10:1தான் அடிக்கிறேன், தூசியும் லேசான எண்ணெயும் சேர்ந்து படிஞ்சிருக்குற பிளாஸ்டிக் கவர், ஏர் ஃபில்டர் பாக்ஸ், பக்கவாட்டு பாடி இதுக்கெல்லாம் அதுவே தாராளம். டேப்பெட் கவர், அதாவது இன்ஜினோட மேல் மூடி ஓரத்துல ஆயில் கசிஞ்சு தூசி ஒட்டி கருங்கட்டியா போயிருக்கும் பாருங்க, அந்த மாதிரி இடத்துக்கு மட்டும் 4:1. வெள்ளையா நுரைச்சு செங்குத்தான இடத்துலயும் கொஞ்ச நேரம் பிடிச்சு நிக்குது, தண்ணி மாதிரி உடனே வழிஞ்சு கீழ போயிடலை, எங்க அடிச்சோம் எங்க விட்டோம்னு கண்ணுக்கே தெரியுது. அப்புறம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, துடைக்கறப்போ சோப்பு வழவழப்பு இல்லாம சுலபமா போயிடுது. இன்ஜின் பேல இது பெரிய விஷயம், ஏன்னா அலசுறதுக்கு எவ்வளவு கம்மியா தண்ணி தேவைப்படுதோ அவ்வளவு நல்லது.

ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் ஊற விட்டு, காயறதுக்கு முன்னாடி பிரஷ்ஷால தேச்சுடணும். காய விட்டா எந்த டிகிரீசரா இருந்தாலும் கறை விடும், அதனால வெயில்ல வச்சுப் பண்ணாதீங்க, நிழல்ல நிறுத்தி பாதிப் பாதியா பண்ணுங்க.

ஏன் இவ்வளவு பாக்கணும், இதை விட ஸ்ட்ராங்கா நிறைய இருக்கேன்னு கேட்டா அதுக்குத்தான் அலுமினியம் பத்திச் சொல்லணும். ஸ்ட்ராங்குன்னு விக்குற சில டிகிரீசர்ல இருக்குறது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. இரும்புல பெருசா தெரியாது, ஆனா பெயின்ட் இல்லாத அலுமினியத்துல பட்டா நேரா உலோகத்தோடயே ரியாக்ட் ஆகும், வெள்ளையா பூத்த மாதிரியோ திட்டுத் திட்டா கருத்த மாதிரியோ கறை வந்துடும், அது மேல ஒட்டின அழுக்கு இல்ல, துடைச்சா போகாது. ஆல்டர்நேட்டர் கூடு, ஏசி கம்ப்ரசர், த்ராட்டில் பாடி, நிறைய வண்டியில டேப்பெட் கவரே கூட அலுமினியம்தான். அதனால வாங்கறதுக்கு முன்னாடி பாட்டில் பின்பக்கம் என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பாருங்க. டி108ஐயும் பாலிஷ் பண்ண அலுமினியத்துல அடிக்கறதுக்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியாத மூலையில கொஞ்சம் வச்சு டெஸ்ட் பண்ணிடுங்க, எந்த பிராண்டா இருந்தாலும் இது பொருந்தும்.

இன்னொரு வகை சால்வென்ட் டிகிரீசர், பெட்ரோலியத்துல பண்ணது. பிசுக்கை வேகமா கரைக்கும், ஒத்துக்கறேன். ஆனா நிறைய வண்டியில கூலன்ட் ஓஸும் பெல்ட்டும் ஈபிடிஎம்ங்கற ரப்பர்ல வருது, இந்த ரப்பர் சூட்டையும் கூலன்ட்டையும் நல்லா தாங்கும், ஆனா பெட்ரோலிய எண்ணெய் பட்டுக்கிட்டே இருந்தா உப்பி மெதுமெதுன்னு ஆயிடும். கூடவே தீப்பிடிக்கற ஆவி வேற. டீசல் அடிச்சா பளபளன்னு ஆகுதுன்னு சொல்றவங்களுக்கும் இதே பதில்தான், அந்தப் பளபளப்பு மேல மறுநாளே தூசி வந்து ஒட்டும், ரப்பர் வீணாகும், சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்துல போய் எரியற எண்ணெயைத் தெளிக்கறது எந்த விதத்துலயும் சரி கிடையாது.

இப்ப வேலைக்கு வருவோம், ஏன்னா எவ்வளவு நல்ல சாமான் வாங்கினாலும் முறை தப்பாப் போனா செலவு எலக்ட்ரிக்கல்ல வந்து நிக்கும். இன்ஜின் ஆறியிருக்கணும், கையை வச்சா தாராளமா வச்சுக்கிட்டே இருக்க முடியணும், லேசான வெதுவெதுப்பு வரைக்கும் பரவாயில்ல. சூட்டுல அடிச்சா கெமிக்கல் அடிச்ச இடத்துலயே காஞ்சு கறையாகும், கொதிக்கற உலோகத்துல குளிர்ந்த தண்ணி பட்டா விரிசல் விடக்கூட வாய்ப்பு இருக்கு. சாவி இல்லாம பட்டன்ல ஸ்டார்ட் ஆகுற வண்டின்னா ரிமோட்டை வண்டியை விட்டுத் தள்ளி வீட்டுக்குள்ள வச்சுடுங்க. சில வண்டியில இன்ஜின் ஆஃப்ல இருந்தாலும் ரேடியேட்டர் ஃபேன் தானா சுத்த ஆரம்பிக்கும், விரல் உள்ள இருக்குற நேரத்துல அது நடக்கக் கூடாது.

ஈரம் பண்றதுக்கு முன்னாடி காஞ்ச வேலை. வைப்பருக்குக் கீழ இருக்குற பள்ளத்துல இலை, குச்சி, மண்ணு அடைஞ்சிருக்கும், அதைக் கையால எடுத்துடுங்க, அங்க தண்ணி வெளிய போற ஓட்டை அடைச்சுக்கிட்டா மழைத் தண்ணி கேபினுக்குள்ள இறங்கும், அதுவும் அடிக்கடி ஏசி புளோயர் வழியா. எலி கூடு கட்டியிருந்தா பிரஷ்ஷால தட்டிப் புழுதி கிளப்பாதீங்க, காத்தும் அடிக்காதீங்க, மாஸ்க் கிளவுஸ் போட்டுக்கிட்டு கிருமிநாசினி தெளிச்சு நனைச்சுட்டு அள்ளுங்க, எலி எச்சத்துல இருந்து பரவுற நோய் சாதாரணமானது இல்ல. அப்படியே ஒயர் கடிச்சிருக்கான்னும் பாத்துடுங்க. அப்புறம் போன்ல நாலு போட்டோ எடுத்து வைங்க, ஆயில் கசிவு இருந்தா எங்க இருந்து வருதுங்கறதுக்கு அந்த அழுக்குதான் சாட்சி, கழுவிட்டா தடயம் போயிடும். கழுவின பிறகு சுத்தமான இடத்துல புதுசா எங்க ஈரம் தெரியுதோ அதையும் பாத்துட்டு மெக்கானிக்கிட்ட ரெண்டையும் காட்டலாம், எனக்கு இன்ஜின் பே கழுவறதுல இருக்குற பெரிய பிரயோஜனமே இதுதான்.

மூட வேண்டியதை மூடணும். ஆல்டர்நேட்டர் கண்டிப்பா, அதுல காத்து போக ஓட்டை விட்டிருப்பாங்க, உள்ள காயில் இருக்கு. பியூஸ் பாக்ஸ், ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்), பேட்டரி முனை, இக்னிஷன் காயில், வெளிய தெரியற கனெக்டருங்க, கோன் மாதிரி திறந்த ஏர் ஃபில்டர் இருந்தா அதுவும். பிளாஸ்டிக் பையும் ரப்பர் பேண்டும் போதும். டிப்ஸ்டிக்கும் ஆயில் மூடியும் இறுக்கமா இருக்கான்னு பாத்துக்குங்க.

தண்ணி விஷயத்துல நான் ரொம்பக் கறாரு. பிரஷர் வாஷரே வேண்டாம். இப்ப வர்ற வண்டியில எல்லாமே வாட்டர்ப்ரூஃப்தானேன்னு நிறைய பேர் வாதாடுவாங்க, ஆனா பாகங்க தூசி, தண்ணி எவ்வளவு தாங்கும்னு சொல்ற ஐபி குறியீட்டுல ஐபி67ன்னா, தண்ணியைப் பொறுத்தவரை 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் கிடந்தா தாங்கும்னு மட்டும்தான் அர்த்தம், வேகமா பீச்சி அடிக்கற தண்ணிக்கு ஐபி69கேன்னு வேற டெஸ்ட்டே இருக்கு, உங்க வண்டியில இருக்குற ஒவ்வொரு கனெக்டரும் அதுல பாஸ் பண்ணதுன்னு யாரும் உத்தரவாதம் தரல, தந்தாலும் வருஷக் கணக்கா சூட்டுல கிடந்து இறுகிப் போன ரப்பர் சீல் புதுசு மாதிரி இருக்காது. ரேடியேட்டர், கண்டென்சர் முன்னாடி இருக்குற மெல்லிசான ஃபின்னும் அந்த வேகத்துல மடங்கிடும். கையால பம்ப் அடிக்கற சின்ன ஸ்ப்ரேயர்ல பூத்தூறலா அடிச்சு, நனைச்சுப் பிழிஞ்ச மைக்ரோஃபைபர் துணியால துடைச்சு எடுக்கறதே போதும், ரொம்ப மோசமா இருக்குற கீழ்ப்பகுதிக்கு மட்டும் ஓஸ்ல மெல்ல ஓட விடலாம். கீழ விழுற தண்ணியில ஆயில் இருக்கும், அதை மழைநீர் வடிகால்ல போக விடாதீங்க, பழைய துணி போட்டு உறிஞ்சிடுங்க, கம்மியா தண்ணி யூஸ் பண்ணா இந்த வேலையும் குறைச்சல்.

பிரஷ் பத்தி ஒரு வார்த்தை. முடி கட்டின இடத்துல தகரப் பட்டை போட்ட பிரஷ்ஷை பேட்டரி பக்கம் கொண்டு போகாதீங்க, பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவுல அந்தத் தகரம் பட்டா ஷார்ட் ஆகும். முழுசா பிளாஸ்டிக் வச்ச டீட்டெய்லிங் பிரஷ் கிடைக்குது, சின்னது ஒண்ணு பெருசு ஒண்ணு இருந்தா எல்லா சந்துக்கும் போயிடும். பேட்டரி முனையில வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா அதுக்கு டிகிரீசர் வேண்டாம், நெகட்டிவ் ஒயரை முதல்ல கழட்டி, பேக்கிங் சோடாவைத் தண்ணியில கரைச்சுத் தேச்சா நுரைச்சு போயிடும், பேட்டரி மூடிக்குள்ள அந்தத் தண்ணி இறங்காமப் பாத்துக்குங்க. பானட்டுக்கு அடியில ஒட்டியிருக்குற பஞ்சு மாதிரி இன்சுலேஷனை ஊற வைக்காதீங்க, வெறும் ஈரத்துணியால ஒத்தி எடுத்தாப் போதும், ஊறினா பிஞ்சு தொங்கும்.

துடைச்சு முடிச்சதும் காத்து. காத்து அடிக்கற புளோயர் மெஷின் இருந்தா ரொம்ப நல்லது, கனெக்டர் சந்து, ஸ்பார்க் பிளக் இருக்குற குழி இதுலதான் தண்ணி ஒளிஞ்சு நிக்கும். கழுவினதுக்கு அப்புறம் வண்டி உதறுது, இன்ஜின் லைட் எரியுதுன்னு புலம்புறதுல பெரும்பாலும் காரணம் அந்தக் குழித் தண்ணிதான், காயில்ல ஈரம் பட்டு மிஸ்ஃபயர் ஆகும், அப்படி உதறினா தொடர்ந்து ஓட்டாம ஆஃப் பண்ணி நல்லா காய வச்சுட்டுப் பாருங்க. பையெல்லாம் ஒண்ணு விடாம எடுத்தாச்சான்னு பாத்துட்டு, பானட்டைத் திறந்தே வச்சு 10, 15 நிமிஷம் ஐடில்ல ஓட விட்டா மிச்ச ஈரமும் போயிடும். டிகிரீசர் பட்டு பானட் லாக்லயும் கீல்லயும் இருந்த கிரீஸ் கரைஞ்சிருக்கும், புதுசா கொஞ்சம் வெள்ளை லித்தியம் கிரீஸ் வச்சுடுங்க.

அடுத்தது டி170. இதுவும் கான்சன்ட்ரேட்தான், பால் மாதிரி வெள்ளையா இருக்கும், தண்ணி கலக்குற அளவை வச்சு பளபளப்பை நீங்களே முடிவு பண்ணலாம், 1:1ன்னா நல்லா மின்னும், 4:1ன்னா அடங்கின கருப்பு. டயருக்கு 1:1 பிடிச்சவங்க இருக்காங்க, அது அவங்க இஷ்டம், ஆனா இன்ஜின் பேக்கு நான் 4:1 தவிர வேற கலக்குறதே இல்ல. புது வண்டி ஷோரூம்ல நிக்கறப்போ பானட்டைத் திறந்தா பிளாஸ்டிக் மின்னாது, ஆழமான கருப்பா இருக்கும், 4:1 அதைத்தான் குடுக்குது. தண்ணி பேஸ்ங்கறதால ரப்பருக்குப் பயப்பட வேண்டாம், சால்வென்ட் பேஸ் டிரெஸ்ஸிங் மாதிரி பிசுபிசுன்னு நிக்கவும் இல்ல. நிறைய பேர் இன்ஜின் பே முழுக்க ஸ்ப்ரே பண்ணிட்டு பானட்டை மூடிடறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, துணியிலயோ பஞ்சுலயோ எடுத்துத் தடவி கொஞ்ச நேரம் விட்டு மிச்சத்தைத் துடைச்சுட்டா தூசி ஒட்டறது நல்லாவே குறையுது. பெல்ட்லயும் புல்லியிலயும் படவே கூடாது, வழுக்கும். எக்ஸாஸ்ட் பக்கமும் வேண்டாம், புகையும். ஏர் இன்டேக் வாய்ப் பக்கம் எந்த டிரெஸ்ஸிங்கும் போடாதீங்க, சிலிக்கான் கலந்த ஆவி உள்ள போனா ஆக்சிஜன் சென்சரைக் கெடுக்கும்.

ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டி வச்சிருக்கவங்களுக்குத் தனியாச் சொல்லணும். ஆரஞ்சு கலர் கேபிள் பாத்தீங்கன்னா அது ஹை வோல்டேஜ், அங்க ஸ்ப்ரே, ஓஸ், பிரஷ் எதுவும் வேண்டாம், கேபிளைத் தொடாம சுத்தி இருக்குற பிளாஸ்டிக்கை மட்டும் நல்லாப் பிழிஞ்ச துணியால துடைச்சுக்குங்க, மேனுவல்ல என்ன சொல்லியிருக்காங்களோ அதுக்கு மேல போக வேண்டாம்.

யார் வாங்கலாம்னா, ரெண்டுமே புரொஃபஷனல் டீட்டெய்லருக்காகப் பண்ணது, கேலன் கேன்ல, அதாவது 3.78 லிட்டர்ல வரும், ஸ்ப்ரே பாட்டில் தனியா வாங்கணும். டி108ஐ 10:1ல கலந்தா ஒரு கேன் 40 லிட்டருக்கு மேல வரும், ஒரே ஒரு வண்டி வச்சிருக்கவருக்கு அது ரொம்ப ரொம்ப ஜாஸ்தி, நாலு நண்பர்கள் சேர்ந்து பிரிச்சுக்கறது நல்லது, பிரிக்கிறப்போ பாட்டில் மேல பேரும் விகிதமும் எழுதி ஒட்டிடுங்க, குடிதண்ணி பாட்டில்ல மட்டும் ஊத்திடாதீங்க. ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும்னா டி108 வாங்குங்க, வீல் ஆர்ச், கதவு கீல், பெட்ரோல் மூடி ஓரம்னு அதுக்கு வேலை வந்துக்கிட்டே இருக்கும், டி170 இல்லாட்டி பிளாஸ்டிக் கொஞ்சம் வெளிறித் தெரியும், அவ்வளவுதான்.