ஃபேஸ்புக்கில் எழுதியதைக் காப்பாற்ற நான்கு வழிகள்: தமிழுக்குத் தோதானது எது?

கூகுளின் பழைய சமூக வலைத்தளமான ஆர்க்குட்டில் ஸ்க்ராப் (நண்பர் பக்கத்தில் விடும் செய்தி) எழுதிப் பழகியவர்களுக்கு 2014 செப்டம்பர் 30 நினைவிருக்கும். அன்றோடு அதை மூடினார்கள். 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸும் போனது. இரண்டுக்கும் முன்கூட்டியே அறிவிப்பு வந்தது, எழுதியதை எடுத்துக்கொள்ள அவகாசமும் இருந்தது. கணக்கு ஹேக் ஆனாலோ, கூட்டமாகச் சேர்ந்து ரிப்போர்ட் அடித்து முடக்கினாலோ அந்த அவகாசம் கிடைக்காது. பத்துப் பதினைந்து வருடமாகக் கவிதை, கட்டுரை, பயணக் குறிப்பு என்று எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கிலேயே எழுதிவிட்டு, வேறெங்கும் ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு நிறைய. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் தகவல் மொத்தத்தையும் தரவிறக்கும் வசதியை ஃபேஸ்புக் 2010லேயே கொண்டுவந்துவிட்டது. இப்போது அது செட்டிங்ஸுக்குள் கணக்கு மையத்தில் இருக்கிறது. கேட்கும்போது கோப்பு ஹெச்டிஎம்எல் (வலைப்பக்க வடிவம்) ஆக வேண்டுமா, ஜேசான் வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் கேள்வி இது. தமிழில் எழுதுபவருக்கு விஷயமே இதில்தான் இருக்கிறது.

ஹெச்டிஎம்எல் எடுத்தால் ஜிப் கோப்பை விரித்ததும் பிரவுசரிலேயே படிக்கலாம். இணையம் வேண்டாம். தமிழ் தமிழாகவே தெரியும். பதிவுக்குக் கீழே தேதி இருக்கும். கண்ட்ரோல்-எஃப் தட்டி ஒரு சொல்லைத் தேடினால் அகப்படும். நகலெடுத்து வேர்டில் ஒட்டினாலும் எழுத்து உடையாது. புத்தகமாகத் தொகுக்க நினைப்பவருக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஜேசான் கணினி நிரல்களுக்கான வடிவம். இதில் தமிழுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுக்கும். ஃபேஸ்புக் தரும் ஜேசான் அந்த மூன்று பைட்டையும் மூன்று தனி எழுத்தாகப் பிரித்து எழுதிவைக்கிறது. ‘அம்மா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடு, ஆக பதினைந்து பைட். கோப்பை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு பைட்டும் சாய்கோடும் எண்களுமாக ஆறு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ‘அம்மா’ தொண்ணூறு எழுத்து நீளத்துக்குப் போய்விடும். வேறொரு மென்பொருளில் ஏற்றினால், தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்தும் வட்டத்துக்குள் ‘R’ எழுத்தும் மாறிமாறி வரும். பதறவேண்டாம், எழுத்து எதுவும் தொலையவில்லை. அதை லத்தீன்-1 என்ற பழைய எழுத்துக் குறிமுறையில் குறியேற்றி, யூடிஎஃப்-8 ஆகத் திரும்பப் படித்தால் தமிழ் அப்படியே வந்துவிடும். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவருக்கு ஒற்றை வரி வேலை. பதிவுகளை நாளைக்குச் சொந்தத் தளத்தில் ஏற்றும் எண்ணம் இருந்தால் ஜேசானையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அந்த எண்ணம் இல்லாதவருக்கு ஹெச்டிஎம்எல் போதும்.

இரண்டில் எதைக் கேட்டாலும் கால அளவை ‘எல்லாக் காலமும்’ என்றும், படத் தரத்தை ‘உயர்’ என்றும் வைத்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள். தரவிறக்க இணைப்பு சில நாளில் காலாவதியாகிவிடும், தயாரானதும் இறக்கிவிடுங்கள். மெசஞ்சரில் முழு மறையாக்கம் செய்யப்பட்ட (பேசுபவர்கள் மட்டுமே படிக்கக்கூடிய) உரையாடல்கள் இந்த ஜிப்பில் வராது, மெசஞ்சர் செட்டிங்ஸில் போய்த் தனியாக எடுக்கவேண்டும். இன்னொன்று: இந்த ஜிப்புக்குப் பூட்டு கிடையாது. உங்கள் நண்பர்கள் நம்பி எழுதிய மற்ற உள்பெட்டிச் செய்திகளும் அதில் இருக்கும். அலுவலகக் கணினியிலோ பிரவுசிங் சென்டரிலோ தயவுசெய்து இறக்காதீர்கள்.

படங்கள் மட்டும் போதும் என்பவருக்கு கூகுள் போட்டோஸுக்கு நேரடியாக அனுப்பும் வழி இருக்கிறது. 2020 முதல் உலகெங்கும் கிடைக்கிறது. ஒரு சேவையகத்திலிருந்து இன்னொன்றுக்கு நேரே போவதால் உங்கள் டேட்டா தீராது. போனை மட்டுமே வைத்திருக்கும் பெற்றோருக்கு நான் இதைத்தான் செய்துகொடுப்பேன். ஜிமெயிலோடு பங்குபோடும் இலவச 15 ஜிபிக்குள் அடங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஏற்றும்போதே ஃபேஸ்புக் படங்களைச் சுருக்கிவிடுகிறது, ஆகவே எந்த வழியில் எடுத்தாலும் கேமராவில் எடுத்த அசல் திரும்பாது. கல்யாண வீட்டில் வேறொருவர் எடுத்து உங்களை டேக் செய்த படமும் வராது, அவரிடமே கேட்டு வாங்கவேண்டியதுதான்.

கடைசியாக, கைவேலை. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். தரவிறக்கத்தில் நீங்கள் எழுதிய பதிவு வரும், பிறர் பதிவில் நீங்கள் போட்ட கமெண்ட் வரும், உங்கள் பதிவுக்கு மற்றவர்கள் எழுதியது வராது. ஊர்ப்பெயர் ஒன்றைப் பற்றி நாலு வரி எழுதியிருப்பீர்கள், அந்த ஊர்க்காரர்கள் நாற்பது பேர் கீழே வந்து கோயில், குளம், பழைய பேருந்துத் தடம் என்று கொட்டியிருப்பார்கள். அந்த நாற்பதும் போய்விடும். அப்படிப்பட்ட பதிவை அதன் தேதியைத் தட்டித் தனியே திறந்து, எல்லாக் கமெண்ட்டும் தெரியும்படி விரித்து, பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் பல சமயம் கொம்பும் காலும் இடம் மாறிவிடும், தேடலிலும் அகப்படாது. கண்ணால் படிக்கத்தான் அது. ஆயிரம் பதிவுக்கும் இப்படிச் செய்ய யாராலும் ஆகாது. நான் முதலில் திறப்பது, இன்று உயிரோடு இல்லாதவர்கள் கமெண்ட் எழுதியிருக்கும் பதிவுகளை.