கணிப்பானா, சணல் நூலா? உடற்திணிவுச் சுட்டியும் அதன் போட்டியாளர்களும்

கடந்த சித்திரை விடுமுறையில் கொக்கட்டிச்சோலையிலுள்ள மாமா வீட்டில் நாங்கள் கூடியிருந்தபோது, பிள்ளைகளில் ஒருவர் கைத்தொலைபேசியில் உடற்திணிவுச் சுட்டியைக் (BMI) கணிக்கும் பக்கமொன்றைத் திறந்து, வீட்டிலிருந்த எல்லோருடைய நிறையையும் உயரத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிந்துகொண்டிருந்தார். மாமாவின் உயரம் 168 சென்ரிமீற்றர், நிறை 62 கிலோ, 22.0 என்று பச்சை நிறத்தில் விடை வந்தது. அடுத்தவர் அவருடைய மகன், எனக்கு மச்சான். வட்டையில் நெல் மூட்டை தூக்குபவர். உயரம் 170, நிறை 77, 26.6 என்று செம்மஞ்சள் நிறத்தில் எழுத்துகள் தோன்றின. மாமா சிரித்துக்கொண்டே, "பாத்தியா மகன், எனக்கு ஒண்டும் இல்லையாம், உனக்குத்தானாம் வருத்தம். நான் குளிசைய நிப்பாட்டுவமா?" என்றார். மாமாவுக்கு ஏழு ஆண்டுகளாக நீரிழிவு. மச்சானுக்கு அண்மையில் செய்த இரத்தப் பரிசோதனையில் எந்தக் குறையும் தெரியவில்லை.

நோய் வந்த பிறகு மாமா மெலிந்திருக்கலாம், அதனால்தான் சுட்டி குறைவாகக் காட்டுகிறது என்று முதலில் நினைத்தேன். அவருடைய பழைய கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தபோது, நோய் கண்டறியப்பட்ட வாரத்திலேயே நிறை 63 கிலோ என்று நீல மையில் எழுதப்பட்டிருந்தது. அன்றைய சுட்டி 22.3. அன்றும் கணிப்பான் பச்சை நிறத்தையே காட்டியிருக்கும். ஆகவே, வீட்டிலிருந்தபடி உடற்பருமனை அளக்க நமக்குக் கிடைக்கும் வழிகளில் எது எதற்கு உதவும், எது எங்கே கைவிடும் என்பதை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கணிப்பானுக்குள் இருப்பது என்ன?

கிலோகிராமிலுள்ள நிறையை, மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பதைத் தவிர இந்தக் கணிப்பான்கள் வேறெதையும் செய்வதில்லை. வயதையும் பாலையும் கேட்கும் பக்கங்கள்கூட, வளர்ந்தவர்களுக்கான எண்ணைக் கணிக்கும்போது அவற்றைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. நிறை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைகிறது என்பதை 1830களில் எழுதிவைத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளரும் புள்ளிவிபரவியலாளருமான அடோல்ப் கெற்றலே. அவர் தேடியது சராசரி மனிதனின் இலக்கணத்தை. ஒருவருடைய கொழுப்பை அளப்பது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸ், ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 7,400 ஆண்களின் அளவுகளை ஆராய்ந்து, அந்நாளில் வழக்கிலிருந்த பல சூத்திரங்களுள் இதுவே ஓரளவு பொருந்துகிறது என்று கண்டு, இன்றைய பெயரை வைத்தார். அந்த ஆய்வில் பெண்கள் இல்லை. மக்கள் கூட்டத்தை ஒப்பிடுவதற்கு இது நல்ல கருவி என்ற முடிவில் தவறில்லை. பிற்காலத்தில் அதுவே ஒவ்வொரு தனியாளுக்கும் தீர்ப்பு எழுதும் கருவியானபோதுதான் சிக்கல் தொடங்கியது.

தசை, எலும்பு, நீர், கொழுப்பு எல்லாம் தராசுக்கு ஒன்றுதான். மச்சானின் தோளிலும் தொடையிலும் இருக்கும் தசையையும், மாமாவின் வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றித் தங்கியிருக்கும் கொழுப்பையும் சூத்திரத்தால் பிரித்தறிய முடியாது. 2004இல் லான்செற் மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு பக்கக் கட்டுரை இதை வேடிக்கையாகவே விளக்கியது. புனேயைச் சேர்ந்த வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் யட்கின் ஆகிய இருவரும் தங்களையே அளந்துகொண்டார்கள். இருவருக்கும் சுட்டி 22.3. ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். மாமாவின் கொப்பியில் இருந்த எண்ணும் அதே 22.3 என்பதைக் கண்டபோது எனக்குச் சற்றுச் சிரிப்பு வந்தது. மெலிந்த கை கால்களும் முன்தள்ளிய வயிறும் கொண்ட தென்னாசிய உடலமைப்பு கணிப்பானுக்கு அகப்படாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒரே சூத்திரம், இரண்டு எல்லைகள்

கணிப்பான்களுக்குள்ளேயே ஒரு போட்டி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. சர்வதேச எல்லையை வைத்திருக்கும் பக்கங்கள் 18.5 முதல் 24.9 வரை இயல்பு என்றும், 25இலிருந்து அதிக நிறை என்றும், 30இலிருந்து உடற்பருமன் என்றும் பிரிக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசிய மக்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட அறிக்கையோ, 23இலிருந்தே அபாயம் கூடுகிறது என்றும், 27.5இலிருந்து அது உயர்வு என்றும் கூடுதல் எல்லைகளைப் பரிந்துரைத்தது. 160 சென்ரிமீற்றர் உயரமும் 62 கிலோ நிறையும் உள்ள ஒருவருக்குச் சுட்டி 24.2. ஒரு பக்கம் அவரைப் பாராட்டி அனுப்பும். இன்னொரு பக்கம் எச்சரிக்கும். நம்மவர்களுக்கு 23 என்ற எல்லையைக் கொண்ட கணிப்பானே பொருத்தமானது. மற்றையதைக் கைத்தொலைபேசியிலிருந்து நீக்கிவிடலாம் என்பதே என் கருத்து. ஆனால் எல்லையைக் கீழே இறக்கினாலும் மாமாவின் 22.3 அதற்கும் கீழேதான் நிற்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

உயரத்தைப் பதியும்போது நேரும் ஒரு தவறையும் இங்கே சொல்லவேண்டும். 5 அடி 4 அங்குலம் என்று தெரிந்தவர்கள், பெட்டிக்குள் 5.4 அடி என்று எழுதிவிடுகிறார்கள். 5 அடி 4 அங்குலம் 162.6 சென்ரிமீற்றர், 5.4 அடி 164.6 சென்ரிமீற்றர். நிறை 62 கிலோவாயின் முன்னதற்கு 23.5, பின்னதற்கு 22.9. ஒரு புள்ளியை இடம் மாற்றி வைத்ததில் அபாயம் மறைந்துவிடுகிறது. வயதானவர்கள் முப்பது வயதில் அளந்த உயரத்தையே இன்றும் சொல்வது இதற்கு அடுத்த தவறு; முதுகெலும்பு குறுகுவதால் உயரம் குறைந்திருக்கும். வாசல் நிலையோடு ஒட்டி நின்று, தலைமேல் தட்டையாக ஒரு கொப்பியை வைத்துப் பென்சிலால் குறித்து அளப்பதே பாதுகாப்பு.

ரேப்பும் சாரமும்

இடுப்புச் சுற்றளவு கணிப்பான் தவறவிடும் இடத்தை நேரடியாக அளக்கிறது. தென்னாசியர்களுக்கு ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் என்ற எல்லைகள் பரவலாகப் பயன்படுகின்றன. மாமாவின் சுற்றளவு 95. மச்சானின் சுற்றளவு 82. கணிப்பான் சொன்ன தீர்ப்பு இங்கே அப்படியே தலைகீழாகிறது.

எங்கே அளப்பது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் பக்கவாட்டில் விரலால் தடவிக் கண்டுபிடித்து, அவற்றுக்கு நடுவில் ரேப்பை, அதாவது அளவு நாடாவை, சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் வாசிக்க வேண்டும். நம்மூர் ஆண்கள் சாரத்தை வயிற்றுக்குக் கீழே இறக்கி உடுப்பதால், அந்த மட்டத்தில் அளந்தால் வயிறு முழுவதும் தப்பிவிடுகிறது. "எனக்கு இருபது வருசமா ஒரே காற்சட்டை அளவுதான்" என்று பெருமைப்படுபவர்களும் இதே ஏமாற்றத்துக்குள்தான் இருக்கிறார்கள். காற்சட்டை ஆண்டுக்காண்டு கீழே இறங்கியிருக்கும், அவ்வளவுதான். சேலைக்கும் சல்வாருக்கும் மேலாக ரேப்பைச் சுற்றி அளக்கும்போது பெண்களுக்கும் கணக்குப் பிழைக்கிறது. தவிர, இன்னொருவர் கையால் வயிற்றை அளக்கவிடுவதற்குப் பலருக்கும் கூச்சம் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு தாமே அளப்பது அதற்கு வழி.

ரேப்பின் பலவீனத்தையும் மறைக்க வேண்டியதில்லை. அளப்பவரின் கைக்கும், உண்ட உணவுக்கும், இழுத்த இழுப்புக்கும் ஏற்ப ஓரிரு சென்ரிமீற்றர் மாறும். தராசில் ஏறி நிற்பதற்குக் கைப்பழக்கம் எதுவும் தேவையில்லை. அந்த வகையில் கணிப்பானுக்குத்தான் மதிப்பெண்.

பாதி உயரம்

90, 80 என்ற எல்லைகளுக்கு இன்னொரு குறையும் உண்டு: 150 சென்ரிமீற்றர் உயரமான ஆணுக்கும் 180 சென்ரிமீற்றர் உயரமான ஆணுக்கும் அவை ஒன்றுதான். இடுப்புச் சுற்றளவை உயரத்தால் வகுத்தால் இந்தக் குறை நீங்குகிறது. விடை 0.5க்குக் கீழே இருக்க வேண்டும். 2022இல் பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் (NICE) நிறுவனம், சுட்டி 35க்குக் கீழுள்ள வளர்ந்தவர்களுக்கு இந்த அளவையும் சேர்த்துப் பார்க்குமாறு வழிகாட்டல் வெளியிட்டது. மாமாவுக்கு 0.57, மச்சானுக்கு 0.48.

இதற்கு எண்ணே தேவையில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விடயம். மாமா வீட்டில் சாக்குத் தைக்கும் சணல் நூல் கிடந்தது. அவருடைய உயரத்துக்கு அதை வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பிடித்தோம். இரண்டு முனைகளும் தொப்புளுக்கு அருகே சந்திக்காமல், ஏறத்தாழ ஆறு விரற்கடை இடைவெளி விட்டு நின்றன. மச்சானுக்கு அவருடைய உயரத்தில் வெட்டிய நூல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கொண்டது. அதுவரை கைத்தொலைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மாமா, அந்த ஆறு விரற்கடையைத் தன் கையாலேயே அளந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். 22.0 என்ற எண்ணால் அவரிடம் அத்தகைய அசைவை உண்டாக்க முடியவில்லை.

கொழுப்பைச் சொல்லும் தராசு

கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் கண்ணாடித் தராசுகள் கொழுப்பின் சதவீதத்தைத் தசமத்தோடு காட்டுவதால் மிக நவீனமாகத் தோன்றுகின்றன. அவை பாதங்களின் வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உடலின் தடையை அளந்து, பயனர் பதிந்த வயது, பால், உயரம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு மதிப்பீட்டைச் செய்கின்றன. உடலிலுள்ள நீரின் அளவு மாறினால் விடையும் மாறும். வெயிலில் அறுவடை முடித்து வியர்த்து வந்து ஏறி நின்றால் ஓர் எண். நிறையத் தண்ணீர் குடித்து ஆறியிருந்து ஏறினால் வேறோர் எண். மின்னோட்டம் பெரும்பாலும் கால்களுக்கிடையே செல்வதால், நமக்கு முக்கியமான வயிற்றைப் பற்றி அது சொல்வது ஊகமே. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதில் ஏறவே கூடாது. இந்தப் போட்டியில் அதிக விலையும் குறைந்த பயனும் உள்ளது இதுதான்.

கணிப்பான் வெல்லும் இடம்

இவ்வளவு சொன்ன பிறகு கணிப்பானைத் தூக்கியெறியத் தோன்றலாம். அது தவறு. நம் பேச்செல்லாம் கொழுப்பைப் பற்றியதாக இருப்பதால், மெலிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. இடுப்பு ரேப்புக்கோ சணல் நூலுக்கோ மெலிவைச் சொல்லத் தெரியாது, 18.5 என்ற கீழெல்லை கணிப்பானிடம் மட்டுமே இருக்கிறது. 152 சென்ரிமீற்றர் உயரமும் 41 கிலோ நிறையும் கொண்ட ஒரு பெண் திருமணத்துக்கு முன் "அழகாக மெலிந்திருக்கிறாள்" என்று புகழப்படுவாள். அவளுடைய சுட்டி 17.7. பிள்ளை பெறத் திட்டமிடும் காலத்தில் அந்த எண் முக்கியமானது. கர்ப்பம் தொடங்கிய முதல் வாரங்களிலேயே குடும்பநல உத்தியோகத்தர் உயரத்தையும் நிறையையும் எடுத்துச் சுட்டியைப் பதிவதும், பிரசவம் வரை எத்தனை கிலோ கூடவேண்டும் என்பதை அதிலிருந்து முடிவுசெய்வதும் இதனால்தான். ஏழாம் மாதத்தில் கைத்தொலைபேசியில் போட்டுப் பார்க்கும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. அந்த மாதத்தில் நூலும் செல்லாது.

பத்தொன்பது வயது வரையுள்ளவர்களுக்கு வளர்ந்தவர்களின் கணிப்பான் கூடவே கூடாது. பத்து வயதுப் பிள்ளைக்கு 17 என்று வந்தால் மெலிவு என்று பயந்து ஊட்டத் தொடங்குவார்கள். அந்த வயதில் அது இயல்பான எண்தான். வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற வளர்ச்சி வளைகோட்டில்தான் அதை வைத்துப் பார்க்க வேண்டும்.

மாதாமாதம் சுட்டியைக் கணித்துக் குறித்து வைப்பவர்களுக்கு ஒரு சிறு செய்தி: வளர்ந்தவருடைய உயரம் மாதத்துக்கு மாதம் மாறுவதில்லை, ஆகவே அந்த வரைபு நிறையின் வரைபையே வேறொரு அளவுகோலில் மீண்டும் வரைவதாகும். தராசு எண் ஒன்றே போதும்.

எங்கள் வீட்டில் இப்போது வழக்கம் இப்படி: நூல் முதலில், மெலிந்தவர்களுக்கும் கர்ப்பம் தரிக்க இருப்பவர்களுக்கும் கணிப்பான், இரண்டில் எது எச்சரித்தாலும், முப்பத்தைந்து வயது கடந்தவராயின் எதுவும் எச்சரிக்காவிட்டாலும், வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனையும் பிரஷரும். மாமா குளிசையை நிறுத்தவில்லை. இரவுப் பிட்டின் அளவைக் குறைத்து, வாய்க்கால் கட்டில் மாலையில் நடக்கத் தொடங்கியிருக்கிறார். சணல் நூலைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருக்கிறார். ஐந்து மாதங்களின் பின் சுற்றிப் பார்த்தபோது இடைவெளி நாலரை விரற்கடை. நிறை அதே 62 கிலோ. கணிப்பான் அதே 22.0.