ராபன் தீவு டூர்: சோபுக்வே வீட்டுக்காகவே போகலாம்

கேப்டவுன் போற எல்லாருமே ராபன் தீவு டூர் போட்டுடுவாங்க, மண்டேலா இருந்த ஜெயில் அறைய பாத்து ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடுவாங்க. அதுல தப்பில்ல. ஆனா நான் இத எழுதுறதே பஸ் கொஞ்ச நேரம் மட்டும் நிக்குற இன்னொரு இடத்துக்காகத்தான். தென்னாப்பிரிக்காவோட வெள்ளையர் ஆட்சிய எதிர்த்த ராபர்ட் சோபுக்வேங்குற தலைவர ஆறு வருஷம் தனியா சிறை வச்சிருந்த வீடு அது.

மொதல்ல டிக்கெட் விஷயம். மியூசியத்தோட சொந்த வெப்சைட்லயே புக் பண்ணிடுங்க. எங்களுக்கு தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏஜென்ட் தீவ சுத்தி காட்டிட்டு திரும்பிடுற போட் டிக்கெட்ட தலைல கட்டிட்டான், தீவுல எறங்கவே முடியாது, பாவம் வயசானவங்க வேற. வாட்டர்ஃப்ரன்ட்ல நெல்சன் மண்டேலா கேட்வேன்னு இருக்கு, ஃபெர்ரி அங்கதான் ஏறணும். போய் வர மூணரை மணி நேரம் ஆகும்னு வச்சுக்கோங்க. காத்து பலமா இருந்தா ஃபெர்ரிய கேன்சல் பண்ணிடுவாங்க, அதனால ட்ரிப்போட கடைசி நாள்ல இத வைக்காதீங்க. வெயில் அடிச்சாலும் ஜாக்கெட் எடுத்துக்கோங்க, கடல்ல குளிரு.

தீவுல எறங்கினதும் பஸ்ல சுத்தி காட்டுவாங்க. தொழுநோயாளிங்க கல்லறை, கைதிங்க சுண்ணாம்புக்கல் ஒடச்ச குவாரி, அப்புறம் இந்த வீடு. பக்கத்துலயே காவல் நாய்ங்களுக்கு கட்டின கூண்டு வரிசை. எங்க கைடு இங்க ரொம்ப நிதானமா பேசினாங்க. மத்த கைதிங்க கூட ஒரு வார்த்தை பேச சோபுக்வேக்கு அனுமதி கெடையாது, அவங்க இந்தப் பக்கமா வேலைக்கு போறப்போ இவரு குனிஞ்சு ஒரு கைப்பிடி மண்ண அள்ளி விரலுக்கு நடுவுல மெதுவா விழ விடுவாராம். நாம இந்த மண்ணோட பிள்ளைங்கன்னு சொல்றதுக்கு அவருக்கு இருந்த ஒரே வழி அது. கைடு கைய நீட்டி அத செஞ்சு காட்டினப்போ பஸ்ல யாரும் பேசல.

அந்த மண்ணுதான் அவரோட கட்சிக்கே ஆரம்பம். 1955ல ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துல க்ளிப்டவுன்ல மண்டேலாவோட ஏஎன்சி கட்சியும் கூட்டாளிங்களும் ஃப்ரீடம் சார்ட்டர்னு ஒரு உரிமை சாசனம் போட்டாங்க, அதுல தென்னாப்பிரிக்கா அங்க வாழுற கறுப்பர் வெள்ளையர் எல்லாருக்கும் சொந்தம்னு இருக்கும். ஏஎன்சிக்குள்ள ஆஃப்ரிக்கனிஸ்ட்னு ஒரு குரூப், அவங்களால இத ஏத்துக்க முடியல, நெலம் யாருகிட்ட இருந்து புடுங்கப்பட்டுச்சுன்னு சொல்லாமலே எல்லாருக்கும் சொந்தம்னு எப்படி எழுதுவீங்கன்னு கேட்டாங்க. 1958 நவம்பர்ல வெளிய வந்துட்டாங்க. 1959 ஏப்ரல்ல சொவெட்டோல ஆர்லாண்டோ கம்யூனல் ஹால்ல கூடி பான் ஆஃப்ரிக்கனிஸ்ட் காங்கிரஸ ஆரம்பிச்சாங்க, சுருக்கமா பிஏசி. அந்த நாள் ஏப்ரல் 6. 1652ல வான் ரீபெக்ங்குற டச்சுக்காரர் கேப்டவுன் பக்கம் வந்து எறங்கின அதே தேதி, வெள்ளைக்கார அரசாங்கம் லீவு விட்டு கொண்டாடின நாளு. சோபுக்வே தலைவர், லெபாலோ செயலாளர். சோபுக்வேக்கு அப்ப 34 வயசு, விட்ஸ் யுனிவர்சிட்டில ஜூலு மொழி சொல்லிக் குடுத்துட்டு இருந்தாரு.

இவங்கள வெள்ளையர் வெறுப்பு கட்சின்னு ஒதுக்கிடுறவங்க நெறைய பேரு. சோபுக்வே சொன்னது வேற. ஆஃப்ரிக்காவுக்கு மட்டும் விசுவாசமா இருந்து, பெரும்பான்மை மக்களோட ஜனநாயக ஆட்சிய ஏத்துக்குற யாரா இருந்தாலும் ஆஃப்ரிக்கன்தான்னு சொன்னாரு. இருக்குறது ஒரே இனம், மனித இனம். சிறுபான்மைக்குன்னு தனி உரிமை கெடையாது, ஏன்னா நாங்க ஒவ்வொரு மனுஷனையும் தனித்தனியா பாக்குறோம், குரூப்பா பாக்கலன்னாரு. ஏஎன்சி பக்கம் இந்தியனுக்கு ஒரு காங்கிரஸ், வெள்ளையருக்கு ஒண்ணு, கலப்பினத்தவருக்கு ஒண்ணுன்னு வச்சுகிட்டு கூட்டணி போடுறத, இனவாதத்த ஒழிக்கிறதில்ல பெருக்குறதுன்னு பார்த்தாரு. எனக்கு இன்னிக்கும் ரொம்ப சரின்னு படுற எடம் இது.

ஒரு எடத்துல மட்டும் நான் ஒத்துப்போகல. கட்சி ஆரம்பிச்ச பேச்சுலயே இந்தியர்கள பத்தி சொல்லியிருக்காரு, தலைமை வியாபாரிங்க கையில இருக்கு, நேட்டால் மாகாணத்துல இருக்குற ஏழை உழைப்பாளிங்கதான் கறுப்பர்களோட உண்மையா சேர முடியும்னு. 1860ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல்ல போய் கரும்புத்தோட்டத்துல வேல செஞ்சவங்க வம்சத்த நம்பினாரு, அது சந்தோஷம். ஆனா தலைமைய மொத்தமா அப்படி தள்ளிட முடியாது, காந்தி கூட நின்ன தம்பி நாயுடுவோட பேரன் இந்த்ரஸ் நாயுடு இதே தீவுல பத்து வருஷம் கைதியா இருந்தவரு.

1960 மார்ச் 21 தான் பெரிய நாளு. கறுப்பர்கள் எப்பவும் கையில வச்சிருக்க வேண்டிய பாஸ்ங்குற அனுமதிச் சீட்ட வீட்லயே வச்சுட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு போய் எங்கள கைது பண்ணுங்கன்னு நிக்கணும், ஜாமீன் கெடையாது, வக்கீல் கெடையாது, அபராதம் கட்டமாட்டோம்னு பிஏசியோட முடிவு. வன்முறை இருக்காதுன்னு போலீஸ் கமிஷனருக்கு முன்னாடியே லெட்டர் போட்டுட்டு, வேலையையும் விட்டுட்டு, சோபுக்வே தானே நடந்து போய் ஆர்லாண்டோ ஸ்டேஷன்ல நின்னாரு. அன்னிக்குத்தான் ஷார்ப்வில்ங்குற ஊர்ல போராட்டத்துக்கு வந்தவங்கள போலீஸ் சுட்டு 69 பேர் செத்தாங்க. ஏப்ரல் 8ல கட்சிக்கே தடை, பொறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. அவருக்கு மூணு வருஷ தண்டனை, அது முடியுற நேரத்துல அவர வெளிய விடாம இருக்கவே 1963ல ஒரு சட்டம் போட்டு வருஷா வருஷம் நீட்டிகிட்டே போனாங்க. அப்படித்தான் 1969 வரைக்கும் இந்த வீட்டுல.

பஸ்ஸுக்கு அப்புறம் ஜெயிலுக்குள்ள கூட்டிட்டு போறவரு அங்கயே அரசியல் கைதியா இருந்தவரு. இந்த டூரோட பெரிய பலமே இதுதான், கேள்வி கேளுங்க, தயங்காதீங்க. அவரு சாப்பாட்டு பட்டியல் ஒண்ண காட்டுவாரு, இந்தியர்களுக்கும் கலப்பினத்தவருக்கும் ஒரு அளவு, கறுப்பர்களுக்கு ஒரு அளவு. ஒருத்தருக்கு ஆறு அவுன்ஸ் கறின்னா இன்னொருத்தருக்கு அஞ்சு, ஒருத்தருக்கு ஜாம் உண்டு இன்னொருத்தருக்கு கெடையாது. ஜெயில்லயும் குரூப் பிரிச்சு வச்சிருக்கான். அத நின்னு முழுசா படிங்க, ஒரே மனித இனம்னு அந்த மனுஷன் ஏன் அவ்ளோ அழுத்தி சொன்னாருன்னு அங்க புரியும்.

என் மார்க் அஞ்சுக்கு அஞ்சு. பசங்கள கூட்டிட்டு போறவங்க முன்னாடியே கொஞ்சம் கதைய சொல்லி கூட்டிட்டு போங்க, பஸ் நிக்குற நேரம் கொஞ்சம்தான், எறங்கி வீட்ட பாக்க முடியுமான்னு ஆரம்பத்துலயே கைடுகிட்ட கேட்டுக்கோங்க. பிஏசி இப்பவும் இருக்கு, 1994 தேர்தல்ல அஞ்சு சீட்டு, 2024ல ஒரே சீட்டு, ஆனா அந்த ஒரு சீட்ட வச்சு அதோட தலைவர் ந்யோண்ட்சோ கூட்டணி அரசுல நெல சீர்திருத்த அமைச்சர் ஆனாரு. கார் எடுத்துட்டு கிழக்கு கேப் பக்கம் போறவங்க க்ராஃப்-ரைநெட்டயும் சேத்துக்கோங்க, சோபுக்வே பொறந்த ஊரு, 1978ல அவர அடக்கம் பண்ணினதும் அங்கதான்.