பித்தளைத் துருவல் விற்கும் பட்டறைகள் கவனிக்க: காலி வண்டி எடையில்தான் கை வைக்கிறார்கள்

கோவைப் பக்கம் பித்தளை ராடு கடையும் பட்டறை ஒன்றில் ஒரே லோடில் 170 கிலோ துருவல் (கடையும்போது உதிரும் பித்தளைச் சீவல்) போயிருக்கிறது. எடைச்சீட்டு, பில் எல்லாம் கச்சிதம். அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

துருவல் வாங்கும் வியாபாரியின் வண்டி காலி எடைக்கு எடைமேடையில் ஏறும்போது தார்ப்பாய்க்கு அடியில் 100 லிட்டர் தண்ணீர் டிரம், கேபினில் கூடுதலாக ஓர் ஆள். பட்டறைக்கு வரும் வழியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஆளையும் இறக்கிவிடுவார்கள். லோடு எடையில் காலி எடையைக் கழித்துத்தான் பில். அதனால் காலி எடை எத்தனை கிலோ ஏறுகிறதோ அத்தனை கிலோ துருவல் அவர்களுக்குச் சும்மா.

காட்டிக்கொடுத்தது எடைமேடை அல்ல, கணக்கு. 25 மிமீ ராடு, கட்டிங் சேர்த்து ஒரு பீஸுக்கு 60 மிமீ. எடை சுமார் 250 கிராம். முடிந்த பீஸ் 140 கிராம். ஆக, துருவல் 110 கிராம். 10,000 பீஸுக்கு 1,100 கிலோ வரவேண்டும். சீட்டில் இருந்தது 930. கூலன்ட் (கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் திரவம்) ஈரத்தோடு போகும் துருவல், கணக்கைவிடக் கூடத்தான் வேண்டும்! கடைசித் துண்டு ராடு இதில் சேராது, அதற்குத் தனிக் கணக்கு.

பட்டறையிலேயே 500 கிலோ பிளாட்ஃபார்ம் தராசு வைத்து, ஒவ்வொரு மூட்டையையும் ஏற்றுமுன் எடை போட்டு எழுதுங்கள். அந்தக் கூட்டுத்தொகையும் எடைமேடைச் சீட்டும் ஒத்துப்போகவேண்டும். காலி எடைக்கு நம் ஆள் கூடவே போய், அதே வண்டியில் திரும்பட்டும். வண்டி எண் வாரியாகப் பழைய காலி எடைகளை நோட்டில் வையுங்கள். 60 லிட்டர் டீசல் நிரப்பினாலும் 50 கிலோதான் கூடும், அதற்குமேல் வித்தியாசம் வந்தால் வண்டியைச் சோதியுங்கள். லோடு எடையில் தந்திரம் நேர் எதிர்: பின்சக்கரம் மேடைக்கு வெளியே நிற்கும். ஏறுமுன் திரையில் பூஜ்யம் காட்டுகிறதா, எடைமேடையின் வருடாந்திர முத்திரை காலாவதி ஆகவில்லையா என்றும் பாருங்கள்.

"ஈரம் 10 சதவீதம், கழிச்சுக்கிறேன்" என்று வியாபாரி சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். குவியலின் நடுவிலிருந்து 10 கிலோ எடுத்துக் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். அடியில் எடுத்தால் எண்ணெய் தேங்கியிருக்கும், அவர் சொன்னதே சரி என்று ஆகிவிடும்.

இரும்பு போரிங் (இரும்புத் துருவல்) மூட்டைக்கு அடியில் பித்தளையைத் தள்ளி இரும்பு விலைக்குக் கொண்டுபோவது, உள்ளே இருப்பவர் கை இல்லாமல் நடக்காது. மூட்டையைக் கவிழ்த்துக் காந்தம் வைத்தால் ஒட்டாதது தெரிந்துவிடும். கார்பைடு இன்சர்ட் (கடைசல் டூலில் மாட்டும் வெட்டு முனை) குப்பைக் கூடைக்கே போகக்கூடாது. பழையதை எண்ணி வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுங்கள்.

ரிஜெக்ட் பீஸை முழுசாக மட்டும் விற்கவே விற்காதீர்கள். அறுத்தோ பிரஸ்ஸில் நசுக்கியோ கொடுங்கள். இல்லையென்றால் அது பாலிஷ் போட்டு ஸ்பேர் கடைக்கு வரும். புகார் உங்கள் பெயருக்கு வரும்.