காட்பாடி செக்கு எண்ணெய்: மூலிகை எண்ணெய் காய்ச்சத் தேறுமா?

தோட்டத்துக் கரிசலாங்கண்ணியையும் செம்பருத்தியையும் போட்டுத் தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் காட்பாடிப் பக்கம் இருக்கும் இந்த மரச்செக்குக் கடையை நம்பிப் போகலாம். கொப்பரையைக் கண்ணெதிரிலேயே ஆட்டித் தருகிறார்கள். ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள், 'டக்'கென்று ஒடியும். கந்தகப் புகை போட்ட வாடை துளியும் இல்லை.

குறை ஒன்று உண்டு. ஆட்டிய அன்றே, கசடு தெளியுமுன் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். மூலிகை காய்ச்சும்போது அந்தக் கசடுதான் முதலில் அடிப்பிடித்து, மொத்த எண்ணெயிலும் தீய்ந்த வாடையை ஏற்றும். வாங்கியதும் எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, வாயில் துணி கட்டி, மூன்று நாள் வெயிலில் வைத்து, மேலாக இறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டருக்குக் கரிசலாங்கண்ணி இலை இரண்டு கைப்பிடி, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, ஒற்றை அடுக்குச் செம்பருத்திப் பூ பத்து, வெந்தயம் ஒரு டீஸ்பூன் போதும். கறிவேப்பிலையையும் பூவையும் ஈரம் போக நிழலில் உலர்த்தினால் சரி. கரிசலாங்கண்ணிக்குத்தான் வேலை. கழுவி, துணியில் ஒற்றி, தண்ணீர் விடாமல் அம்மியில் அரைக்க வேண்டும். அரைக்க அரைக்கப் பச்சை விழுது கறுத்து, விரல் நுனியெல்லாம் மை அப்பினாற்போல் ஆகும். அதைச் சின்ன வடைகளாகத் தட்டி நிழலில் காய வையுங்கள். வேலூர் சித்திரைச் சூட்டில் இரண்டு மூன்று நாளில் ஓடு போலாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் நடுவில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். ஒன்றைப் பிட்டுப் பார்க்காமல் எண்ணெயில் போடாதீர்கள்.

இரும்புக் கடாயில், சிறு தீயில் காய்ச்சுங்கள். சலசலப்பு அடங்கியதும் அடியிலிருந்து கொஞ்சம் வண்டலை எடுத்து விரலில் உருட்டினால் திரி போலத் திரள வேண்டும். அந்தத் திரியை நெருப்பில் காட்டும்போது படபடவென்று வெடித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அப்படியே பாட்டிலில் அடைத்தால் சீக்கிரமே சிக்கு வாடை வரும். சத்தமில்லாமல் எரிந்தால் அடுப்பை உடனே அணைத்து, எண்ணெயை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடாயிலேயே விட்டால் இலை கருகும்.

வெதுவெதுப்பாக இருக்கும்போது பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். கடைக்காரர் தரும் பிளாஸ்டிக் பாட்டில் இதற்கு வேண்டாம். வாய் அகன்ற கண்ணாடி பாட்டிலாக இருக்கட்டும், மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்தாலும் ஈரமில்லாத கரண்டியால் வழித்தெடுக்கலாம்.