டாப் கேட்: காதைக் கொடுத்துப் பார்க்க வேண்டிய கார்ட்டூன்

ஹன்னா-பார்பெரா என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய கார்ட்டூன்களில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் பலரும் யோகி பியர் என்பார்கள், இல்லையென்றால் ஸ்கூபி-டூ. நான் டாப் கேட் என்பேன். மொத்தமே 30 எபிசோடுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஒரே ஒரு சீசன்தான். ஆனால் பேசும் மிருகங்களை வைத்து எடுத்த டிவி கார்ட்டூன்களில் இவ்வளவு நன்றாகப் பேசுகிற கூட்டத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

தெரியாதவர்களுக்குக் கதை இதுதான். நியூயார்க் நகரத்தில் ஒரு சந்து. அங்கே ஒரு குப்பைத் தொட்டிக்குள் குடியிருக்கும் மஞ்சள் பூனை டாப் கேட். தலையில் தொப்பி, உடம்பில் ஊதா நிறக் கையில்லாக் கோட்டு, கையில் காசு மட்டும் கிடையாது. அவனுக்குக் கீழே பென்னி, சூ-சூ, பிரெய்ன், ஃபேன்ஸி, ஸ்பூக் என்று ஐந்து பூனைகள். வீட்டு வாசல்களில் வைத்த பாலையும் பேப்பரையும் ஓசியில் எடுத்துக்கொண்டு, போலீஸ்காரருக்கென்று கம்பத்தில் மாட்டியிருக்கும் போனில் ஊரெல்லாம் பேசிக்கொண்டு, சீக்கிரம் பணக்காரனாக வாரம் ஒரு திட்டம் போடுவார்கள். திட்டம் கவிழ்ந்துவிடும். அடுத்த வாரம் இன்னொன்று.

படம் அசைகிற விதத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுகிற இடம் அதுதான். டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய அதே வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும்தான் இதையும் செய்தார்கள், ஆனால் அந்த வழுவழுப்பான ஓட்டம் இதில் இருக்காது. அவர்கள் வேலை பார்த்த எம்ஜிஎம் படக் கம்பெனி 1957-ல் தன் கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டது, இருவரும் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்து டிவிக்கு வந்தார்கள், டிவியில் கிடைத்த பணமோ தியேட்டர் படங்களோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. அதனால் முழு உடம்பையும் ஒவ்வொரு அசைவுக்கும் வரைய முடியாது. உடம்பை அப்படியே நிறுத்திவிட்டுத் தலையையும் வாயையும் மட்டும் அசைப்பார்கள். யோகி பியர் கழுத்தில் காலரும் டையும் இருப்பது இதற்காகத்தான், தலையும் உடம்பும் சேருகிற இடத்தை அது மறைத்துவிடும். இங்கேயும் சூ-சூவுக்குக் கழுத்தை மூடிய வெள்ளைச் சட்டை, ஃபேன்ஸிக்கு மஃப்ளர், ஸ்பூக்குக்கு டை. பின்னணியில் அதே சுவர், அதே ஜன்னல் திரும்பத் திரும்ப ஓடும். இதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அது உண்மைதான். ஆனால் அந்தப் பற்றாக்குறையால்தான் மொத்தப் பாரமும் வசனத்தின் தலையிலும் குரல்களின் தலையிலும் விழுந்தது, அதை அவர்கள் தூக்கிக்கொண்டு ஓடிய வேகம் இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தத் தொடரைப் பார்க்கச் சொல்கிறேன்.

டாப் கேட்டுக்குக் குரல் ஆர்னால்ட் ஸ்டாங். மூச்சு விடாமல் பேசுவார். ஒருவரைப் புகழ்வது போல ஆரம்பித்து, பாதியில் அவருடைய பொருளைக் கேட்டு, அவர் யோசிப்பதற்குள் நன்றியும் சொல்லி முடித்துவிடுகிற பேச்சு. இந்தப் பாத்திரத்தின் வேர் தி ஃபில் சில்வர்ஸ் ஷோ என்ற 1950-களின் டிவி காமெடியில் இருக்கிறது. அதில் சார்ஜென்ட் பில்கோ என்ற ராணுவக்காரர் தன் கீழே இருக்கும் சிப்பாய்களை வைத்து இதே மாதிரி காசு பண்ணப் பார்ப்பார். அதில் டோபர்மேன் என்ற சிப்பாயாக நடித்த மாரிஸ் காஸ்ஃபீல்டையே இங்கே பென்னிக்குக் குரல் கொடுக்க வைத்திருக்கிறார்கள். குண்டான, வெள்ளை மனசுக்காரப் பூனை பென்னி. டாப் கேட் பத்து வரியில் போடும் திட்டத்தை ஒரே ஒரு அப்பாவிக் கேள்வியில் சாய்த்துவிடுவான், அந்தக் கேள்விக்கு முன்னால் அவன் விடுகிற சின்ன இடைவெளியைக் கவனித்துக் கேளுங்கள். ஸ்பூக், பிரெய்ன் இரண்டு பேருக்கும் லியோ டிலையான் ஒருவரே குரல். தெரியாமல் கேட்டால் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆனால் தொடரின் உயிர் எனக்கு ஆபீஸர் டிபிள்தான். அந்தச் சந்துக்கு ரோந்து வரும் போலீஸ்காரர். குரல் ஆலன் ஜென்கின்ஸ், 1930-களின் வார்னர் பிரதர்ஸ் கேங்ஸ்டர் படங்களில் ரவுடிக்குக் கையாளாக வந்தவர், இங்கே சட்டத்தின் பக்கம் நிற்கிறார், அதே கரகரப்பு. சந்திலிருந்து கிளம்பு, போனைத் தொடாதே, பால் பாட்டிலைத் திருப்பி வை என்று அவர் கத்தாத நாள் கிடையாது. மனுஷனும் பூனையும் எதிரெதிரே நின்று பேசுகிறார்களே என்று அந்த ஊரில் யாரும் ஆச்சரியப்படுவதும் இல்லை, கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலத்தான் டிபிள் பேசுகிறார். முதல் எபிசோடில் பென்னிக்கு ஹவாய் போக இலவச டிக்கெட் விழுகிறது, மற்றவர்கள் திருட்டுத்தனமாகக் கப்பலில் ஏறிவிடுகிறார்கள், பார்த்தால் லீவு போட்டுவிட்டு டிபிளும் அதே கப்பலில் இருக்கிறார், பாவம். பின்னால் வருகிற ஒரு எபிசோடில் டிபிளை மாற்றிவிட்டு ப்ரௌலர் என்ற புது போலீஸ்காரரைச் சந்துக்குக் கொண்டுவருகிறார்கள். அப்போதுதான் இந்தப் பூனைகளுக்குத் தங்கள் பழைய ஆளின் அருமை தெரிகிறது, அவரைத் திரும்பக் கொண்டுவர இறங்கி வேலை செய்கிறார்கள். அன்பு என்ற பேச்சையே எடுக்காமல் அன்பைக் காட்டிய எபிசோடு அது. ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.

குறைகள் உண்டு. பின்னணியில் ஓடும் பதிவுச் சிரிப்பு எரிச்சல். அமெரிக்காவின் ஏபிசி டிவியில் 1961 செப்டம்பர் முதல் புதன்கிழமை ராத்திரியில் பெரியவர்களும் பார்க்கும் நேரத்தில் போட்ட தொடர் என்பதால் அன்றைய காமெடி ஷோ வழக்கப்படி சேர்த்திருக்கிறார்கள், இப்போது கேட்டால் நல்ல வசனத்தை மிதித்துக்கொண்டு போகிறது. பெண் பாத்திரம் வந்தால் யாராவது ஒரு பூனை காதலில் விழுவதற்காக மட்டுமே வரும். இரண்டாவது எபிசோடில் ஒரு மகாராஜா வருகிறார், டிப்ஸ் கொடுக்க மாணிக்கக் கல்லை எடுத்து நீட்டுபவர், இந்தியா என்றால் அந்தக்கால ஹாலிவுட்டுக்கு இதுதான் ஞாபகம் வரும் போல, எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொடர்ந்து நாலைந்து எபிசோடு பார்த்தால் கதையின் அச்சு ஒன்றுதான் என்பதும் தெரிந்துவிடும். அதனால் மொத்தமாக உட்கார்ந்து பார்க்க வேண்டாம், நாளுக்கு ஒன்று போதும்.

அமெரிக்காவில் இரண்டாவது சீசன் கிடைக்காத இந்தப் பூனையை மெக்ஸிகோ தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அங்கே அதற்கு டான் காத்தோ என்று பெயர். டப்பிங் பிரமாதம் என்று சும்மா சொல்லவில்லை, அந்த ஊர்க் குரல் கலைஞர்கள் பாத்திரங்களைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். பென்னிக்கும் சூ-சூவுக்கும் ஹோர்ஹே அர்விசு என்ற ஒரே கலைஞர் குரல் கொடுத்தார், அதில் சூ-சூவை யுகடான் பகுதி வட்டார வழக்கில் பேச வைத்தார். நியூயார்க் பூனை யுகடான் பூனையாகிவிட்டது. படம் அதேதான், ஒரு கோடு மாறவில்லை, குரலை மாற்றியே இன்னொரு நாட்டுக்குச் சொந்தமாக்கிவிட முடிந்தது என்றால் இந்தத் தொடரின் பலம் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

2011-ல் மெக்ஸிகோவிலேயே ஒரு முழுநீளத் திரைப்படமும் எடுத்தார்கள். ரோபோ போலீஸ், ஜெயில், நகரத்தையே வளைத்துப்போடும் வில்லன் என்று கதை பெரிதாகிவிட்டது, சந்தில் நின்று வாய்ச்சண்டை போட நேரமே இல்லாமல் போனது. அதைத் தள்ளிவையுங்கள். அசல் 30 எபிசோடுகளும் 2004-ல் டிவிடி தொகுப்பாக வந்தன, கிடைத்தால் பென்னியைக் காணாமல் போன பணக்கார வாரிசு என்று மாளிகைக்குக் கூட்டிப்போகிற எபிசோடிலிருந்து ஆரம்பியுங்கள். சொத்துக்கு ஆசைப்பட்ட பட்லரும் அவருடைய நாயும் பென்னியைத் தீர்த்துக்கட்டப் பார்ப்பார்கள், அவனுக்கோ கடைசி வரை எதுவும் உறைக்காது. அப்புறம் ப்ரௌலர் வருகிற எபிசோடு.