மட்டக்களப்பு வாவியில் படகும் கரைச் சாப்பாடும்

கனடாவிலிருந்து ஊருக்குப் போகிற எங்கள் ஆட்கள் மட்டக்களப்பில் நின்றால் கல்லடிப் பாலத்தில் படம் எடுப்பார்கள், பாசிக்குடாவில் குளிப்பார்கள், திரும்பிவிடுவார்கள். வாவிக்குள் இறங்குகிறவர்கள் குறைவு. எனக்கு அது பெரிய கவலை. 56 கிலோமீற்றர் நீளமான அந்தத் தண்ணீரைச் சுற்றித்தான் ஊரே இருக்கிறது: சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. இந்த முறை மாமியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு படகில் சுற்றி, கரையிலேயே சாப்பிட்டோம். போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் படகு பிடித்தது பாலமீன்மடு வெளிச்சவீட்டடியில். 1913இல் கட்டிய வெளிச்சவீடு அது, 28 மீற்றர் உயரம். பக்கத்திலேயே முகத்துவாரம். கோடையில் மணல் மூடிக்கிடக்கும். மாரியில் வெள்ளம் ஏறினால் அந்த மணலை வெட்டித்தான் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். எங்களிடம் ஆளுக்கு இவ்வளவு என்று கேட்கவில்லை, படகுக்கு ஒரே விலை. எவ்வளவு நேரம், எதுவரை போய் வருவது என்பதை ஏறமுன்னமே பேசி முடித்துவிடுங்கள். காலையில் போவதுதான் நல்லது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், சின்னப் படகில் எல்லாரும் நனைந்துவிடுவார்கள்.

முதலில் கண்டல் மரங்களின் வேர்களுக்குள் ஓடும் ஒடுங்கிய ஓடைகள். படகோட்டித் தம்பி எஞ்சினை நிறுத்திவிட்டுக் கம்பால் ஊன்றிக்கொண்டு போனார். நீர்க்காகமும் கொக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பிறகு நாவலடிப் பக்கம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய நிலம். 2004 சுனாமி இங்கேதான் ஊரைத் துடைத்துக்கொண்டு போனது. தம்பி அந்த இடத்தில் அதிகம் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கல்லடியில் 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தைக் கீழிருந்து பார்க்க வேண்டும். மீன் பாடுகிறது என்று ஊர் சொல்லும் பாடுமீன் ஓசை இந்தப் பாலத்தடியில்தான். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, பூரணை இரவில், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும் என்பார்கள். நாங்கள் போனது பகலில். இரவில் கேட்க வேண்டுமென்றால் முதலே தம்பியிடம் நாள் பேச வேண்டுமாம். அங்கிருந்து புளியந்தீவுக் கோட்டைக்குப் போனோம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியதை ஒல்லாந்தர் பத்து வருடத்தில் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் இலங்கையில் முதலில் பிடித்த கோட்டை இதுதான். தண்ணீரிலிருந்து அந்த மதிலைப் பார்த்தால்தான் அதை ஏன் அந்த இடத்தில் கட்டினார்கள் என்பது விளங்கும்.

இனிச் சாப்பாடு. கரையோரம் தகரக்கூரை போட்ட சின்னக் கடை, வீட்டோடு சேர்ந்தது. படகில் ஏறமுன் அந்த வழியால்தான் நடந்து போனோம். கடைக்கார அம்மா மறித்துச் சொன்னார்: "மறுகா வந்து கேட்டா இறால் இருக்காது மனே, இப்பவே சொல்லிட்டுப் போங்க." சொல்லிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது காலையில் வலையில் பட்ட வாவி இறால் தேங்காய்ப்பாலில் கொதித்துக்கொண்டிருந்தது. நண்டுக் கறிக்கு முருங்கையிலை போட்டிருந்தார். கொடுவாப் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல், சிவப்பரிசிச் சோறு. ரொறன்ரோவில் உறைந்த இறாலை வாங்கி எத்தனை விதமாகச் சமைத்தும் எனக்குக் கிடைக்காத இனிப்பு அந்த இறாலில் இருந்தது. உறைப்பைக் குறைக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்கு வேறாக ஒரு சட்டி வைத்தது நாங்கள் கேட்காமலே நடந்தது. கடைசியில் எருமைத் தயிர், சீனி தூவி. மாமி இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்து ஆள், இலேசில் மற்ற ஊர்ச் சாப்பாட்டைப் புகழமாட்டார்.

கணக்குப் பார்த்தால், விடுதி மேசையில் இரண்டு பேர் சாப்பிடுகிற காசுக்குள் நாங்கள் எல்லாரும் சாப்பிட்டு எழும்பினோம். அந்தக் காசு மீன் பிடித்தவருக்கும் சமைத்தவருக்கும் நேரே போகிறது. ஆகவே விலை பேசிக் குறைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நாங்கள் ஏறிய முதல் படகில் உயிர்காப்பு அங்கிகள் இருக்கைக்கடியில் ஈரமாய்க் கிடந்தன, பாதிக்குக் கொளுக்கி இல்லை, பிள்ளைகளின் அளவில் ஒன்றுகூட இல்லை. இறங்கி வேறு படகு பார்த்தோம். வாவி அமைதியாய்த் தெரியும், ஆழம் குறைவு என்பார்கள். நம்பி அங்கியில்லாமல் ஏறாதீர்கள். நாங்கள் ஏறி இறங்கிய கரையில் படி கிடையாது. முழங்கால் நோவுள்ள மாமியை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. மலசலகூடமும் பக்கத்தில் இல்லை. பெண்களோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டல் வேர்களில் பொலித்தீன் பைகள் சிக்கித் தொங்குவதையும் கண்டோம். இறால் குஞ்சு வளர்கிற இடமே அந்த வேர்கள்தான். சாப்பாட்டுப் பொதியோடு படகில் ஏறுகிறவர்கள் குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இன்னொரு நாள் தெற்கே குருமண்வெளிக்குப் போய், பாதையில் ஏறி மண்டூருக்குக் கடந்தோம். பாதை என்று இங்கே சொல்வது ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்கு ஏற்றிப் போகும் தட்டையான மிதவையை. மோட்டார் சைக்கிள்காரர், சந்தைக்குப் போகிற அம்மாக்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் அதே தட்டில்தான் நின்றார்கள். காட்சி பார்க்கும் படகைவிட அந்தச் சின்னக் கடப்புத்தான் எனக்குப் பிடித்தது, வாவி அங்கே இன்னும் ஊர் ஆட்களின் தெருவாக இருக்கிறது. மண்டூர் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றாமல் இந்த வழியால் போங்கள். சில்லறைக் காசு கையில் இருக்கட்டும். திருவிழாக் காலத்தில் சனம் நிறைந்துவிடும், வேளைக்கே வெளிக்கிடுங்கள்.